கலைச்சொல்: 'பில் ஆஃப் ரைட்ஸ்' – மசோதாவா, பட்டயமா, காப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசமைப்பு உருவான கதையை மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1787 பிலடெல்பியா மாநாடு வரை பெரிய சிக்கல் இல்லை. இப்போது 'பில் ஆஃப் ரைட்ஸ்', அதாவது அந்த அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களுக்குச் சேர்த்து வழங்கும் பெயர், வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. 'உரிமைகள் மசோதா' என்றுதான் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன், நானும் அப்படியே எழுதினேன். ஆனால் அடுத்த வரியில் "இந்த மசோதா 1791 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது" என்று வருகிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் மசோதாவாகவே கிடக்கிற ஒன்று எப்படி நடைமுறையில் இருக்கும்? மாணவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

புத்தகம் முழுக்க அடிக்கடி வரப்போகிற சொல். நீளமாக இல்லாமல், வாயில் நுழைகிற மாதிரி ஒன்று வேண்டும்.

– நா.

*

அன்புள்ள நா. அவர்களுக்கு,

மசோதாவை இன்றே தூக்கிப் போடுங்கள். அவையில் வைத்து, இன்னும் நிறைவேறாமல் இருப்பதற்குப் பெயர்தான் மசோதா. 'சட்டமுன்வடிவு' என்று மாற்றினாலும் அதே பிழைதான், கொஞ்சம் நல்ல தமிழில். அந்தத் தொடரில் வரும் 'பில்' பழைய பொருளில் வருவது: எழுதி வைத்த ஆவணம், பட்டியல். ஹோட்டலில் கொடுக்கிற பில்லும் அந்த வழியில் வந்ததுதான்.

என் பரிந்துரை 'உரிமைப் பட்டயம்'. செப்பேட்டுக் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிற சொல், கம்பீரமும் இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வரும்.

– வே.

*

ஐயா, மசோதா பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பட்டயத்தில்தான் எனக்குத் தகராறு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டயம் யார் கொடுப்பது? மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது. நிலம், வரிவிலக்கு, ஊர் உரிமை எதுவானாலும் சரி, கொடுக்கிற கை ராஜாவுடையது. அமெரிக்கக் கதையின் முதல் பாதிக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். குடியேற்றங்கள் பலவும் மன்னரின் பட்டயத்தோடுதான் தொடங்கின. பென்சில்வேனியாவில் வில்லியம் பென் 1701இல் தன் மக்களுக்கு ஒரு உரிமை ஆவணம் கொடுத்தார். மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டுக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதில் முதல் விஷயம். அதன் ஐம்பதாவது ஆண்டில், 1751இல், அந்தக் குடியேற்றத்தின் சட்டமன்றம் இங்கிலாந்துக்கு ஆர்டர் கொடுத்து வரவழைத்த மணிதான் விரிசலோடு இன்றும் பிலடெல்பியாவில் இருக்கும் விடுதலை மணி. பென் கொடுத்தது பட்டயம். கொடுத்தவர் இருக்கிறார், வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

1776இல் கொடுக்கிறவரையே வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் பட்டயம் எங்கிருந்து வரும்? அந்த வருஷம் ஜூன் 12ஆம் தேதி வர்ஜீனியா மாநாடு ஏற்றுக்கொண்ட உரிமை ஆவணத்தில் 16 பிரிவுகள். முதல் வரைவு ஜார்ஜ் மேசனுடையது. அதில் கடைசிப் பிரிவில் நடந்த ஒரு சின்னத் திருத்தம் நம் விவாதத்துக்கு நேராக வருகிறது. மதவழிபாட்டில் எல்லாருக்கும் முழுச் சகிப்பு காட்டப்பட வேண்டும் என்ற பொருளில் மேசன் எழுதியிருந்தார். ஜேம்ஸ் மேடிசனுக்கு அப்போது 25 வயது, அவையில் பெரிதாக வாய் திறக்காத பிள்ளை. 'சகிப்பு' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். சகித்துக்கொள்கிறவர் நாளைக்குச் சகிக்க முடியாது என்றும் சொல்லலாம் இல்லையா? எல்லா மனிதருக்கும் தம் மனச்சாட்சிப்படி வழிபடச் சமமான உரிமை உண்டு என்று வாக்கியம் மாறியது. கொடை உரிமையாக மாறியது அந்த இடத்தில்தான். அதே மேடிசன் பின்னாளில் முன்மொழிந்த திருத்தங்களுக்குப் 'பட்டயம்' என்று பெயர் வைத்தால், அவர் அடித்த சொல்லை நாம் பின்வாசல் வழியாகக் கூட்டிவருகிறோம்.

அவரே பட்டயம் பற்றியும் எழுதியிருக்கிறார், 1792இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில். ஐரோப்பாவில் அதிகாரம் சுதந்திரத்துக்குப் பட்டயம் கொடுத்தது, அமெரிக்காவில் சுதந்திரம் அதிகாரத்துக்குப் பட்டயம் கொடுத்தது என்பது அதன் சாரம். அந்தக் கணக்கில் பட்டயம் என்பது அரசமைப்புச் சட்டம் முழுவதும்தான். மக்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. திருத்தங்களைப் பட்டயம் என்றால் தலைகீழாகிவிடும்.

எதிர்த்தரப்பும் இதே வாதத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. புதிய அரசமைப்பை ஏற்கச் சொல்லி எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 84ஆவதில் ஹாமில்டன் கேட்கிறார்: இப்படிப்பட்ட ஆவணங்கள் மன்னருக்கும் குடிகளுக்கும் இடையே எழுதிக்கொண்ட உடன்பாடுகள், இங்கே மக்கள் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லையே, அப்புறம் எதற்கு இது? பத்திரிகைமீது கைவைக்கும் அதிகாரமே தரப்படாதபோது, கைவைக்கக் கூடாது என்று எழுதினால் அந்த அதிகாரம் இருந்ததுபோல் ஆகிவிடாதா? அரசியலில் அவர் தரப்பு இதில் தோற்றது. ஆனாலும் கேள்வி மட்டமானது இல்லை. நாம் பட்டயம் என்று எழுதினால் ஹாமில்டன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

நா., உங்கள் புத்தகத்தில் 1787 செப்டம்பர் 12 இருக்கிறதா? இல்லாவிட்டால் சேருங்கள். பிலடெல்பியா மாநாட்டில் மே மாதத்திலிருந்து உட்கார்ந்து வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். அப்போது மேசன் எழுந்து, முகப்பில் உரிமைகளைச் சொல்லும் பகுதி ஒன்று வேண்டும், மாநிலங்களில் ஏற்கெனவே இருப்பவற்றை வைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் தயாராகிவிடும் என்றார். எல்பிரிட்ஜ் ஜெர்ரி முன்மொழிந்தார், மேசன் வழிமொழிந்தார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன், மாநிலங்களின் பிரகடனங்கள் அப்படியேதான் இருக்கின்றன, அவை போதும் என்றார். வாக்கெடுப்பில் ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. 17ஆம் தேதி 39 பேர் கையெழுத்திட்டார்கள். அறையில் இருந்துகொண்டே கையெழுத்துப் போட மறுத்தவர்கள் மூன்று பேர்: மேசன், ஜெர்ரி, எட்மண்ட் ராண்டால்ஃப். மேசன் தன் ஆட்சேபங்களை, அச்சடித்துக் கொடுத்த வரைவின் பின்பக்கத்திலேயே எழுதினார். தொடக்கமே 'உரிமைப் பிரகடனம் எதுவும் இதில் இல்லை' என்பதுதான். மேசன் தம் மாநில ஆவணத்தின் பெயரையே அங்கும் எழுதினார்: பிரகடனம். வர்ஜீனியா ஆவணத்துக்கு 'உரிமைப் பிரகடனம்' என்று தாராளமாக எழுதலாம்.

1791க்குத்தான் வேறு சொல் வேண்டும்.

– தே.

*

வணக்கம். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து சில வார்த்தை.

மசோதா எங்களுக்கு இல்லை, நாங்கள் 'சட்டமூலம்' என்போம். அதுவும் இதற்குப் பொருந்தாது. யாராவது 'உரிமைச் சாசனம்' என்று தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பக்கம் அரசியல் சாசனம் என்றாலே முழு அரசமைப்பு, எங்கள் பக்கம் சாசனம் என்றால் முதலில் புத்த சாசனம்தான் ஞாபகத்துக்கு வரும். 'முறி' என்ற பழைய சொல்லும் வேண்டாம். 'உரிமை முறி' என்று எழுதினால் உரிமையை முறிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

தே. அக்கா சொல்வதைப் பார்த்தால் 'காப்பு' என்ற சொல் பொருந்தும் போலிருக்கிறது. உரிமைக் காப்பு. ஒரு எச்சரிக்கை மட்டும்: 'காப்புறுதி' ஆக்கிவிடாதீர்கள். எங்களுக்கு அது இன்சூரன்ஸ்.

– இ.

*

இ. தம்பி, அருமை. 'அரண்' என்றுதான் நான் எழுத இருந்தேன். வர்ஜீனியா பிரகடனத்தின் 12ஆம் பிரிவே பத்திரிகைச் சுதந்திரத்தைச் சுதந்திரத்தின் பெரிய அரண்களில் ஒன்று என்கிறது. ஆனால் நம் மரபில் அரண் அரசனுக்கு உரிய ஆறு அங்கங்களில் ஒன்று. யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவனுடைய சொத்து. காப்பே மேல்.

ஏன் மேல் என்பதற்கு அந்தத் திருத்தங்களின் வினைச்சொல்லைப் பாருங்கள். 1689இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தன் உரிமை ஆவணத்தில் எழுதியது: அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்பது தகாது. 1776இல் வர்ஜீனியா அதை வரிபிசகாமல் எடுத்துக்கொண்டது: கேட்பது தகாது. 1791இன் எட்டாவது திருத்தம்: கேட்கக் கூடாது. நூறு வருஷத்தில் ஒரே ஒரு துணைவினை மாறியிருக்கிறது, ஆனால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. தகாது என்பது புத்திமதி. மீறினால் பழி வரும், அவ்வளவுதான். கூடாது என்பதை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம். மாநிலப் பிரகடனங்கள் பலவும் இப்படிப் புத்திமதி சொல்கிற நடையில்தான் இருந்தன, மாநிலச் சட்டமன்றங்கள் அவற்றைச் சௌகரியப்படி மீறவும் செய்தன. 1788 அக்டோபரில் மேடிசன் பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லித்தான் சலித்துக்கொள்கிறார்: எல்லா மாநிலங்களிலும் பெரும்பான்மையினர் இந்தத் தோல்தாள் தடுப்புகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஜெஃபர்சன் மறுவருஷம் மார்ச்சில் பதில் எழுதினார்: நீதித்துறையின் கையில் இது கொடுக்கிற பிடியை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மேடிசன் மனம் மாறியதற்கு இந்தக் கடிதம் மட்டும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள், நா. ஓட்டும் ஒரு காரணம். மாசச்சூசெட்ஸ் 187க்கு 168 என்ற கணக்கில், அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்துத்தான் அரசமைப்பை ஏற்றது. வர்ஜீனியா 89க்கு 79. நியூயார்க் 30க்கு 27. வட கரோலினா உரிமைகளை எழுதாமல் ஏற்க மாட்டேன் என்று 1789 நவம்பர் வரை வெளியிலேயே நின்றது. மேடிசன் கீழவைக்குப் போட்டியிட்டபோது எதிரில் நின்றவர் ஜேம்ஸ் மன்ரோ. அந்தத் தொகுதியில் பாப்டிஸ்ட் சபையினர் நிறைய. வர்ஜீனியாவில் அனுமதி வாங்காமல் பிரசங்கம் செய்ததற்காக அவர்களுடைய போதகர்கள் ஜெயிலுக்குப் போன காலம் இன்னும் மறக்கவில்லை. உரிமைகளைத் திருத்தமாகக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்து மேடிசன் ஜெயித்தார். வாக்கைக் காப்பாற்றினார் என்பதுதான் ஆச்சரியம்.

1789 ஜூன் 8இல் அவர் பேசியதில் நமக்கு வேண்டிய சொல்லே கிடைக்கிறது. இவற்றை அரசமைப்பில் சேர்த்துவிட்டால், சுயேச்சையான நீதிமன்றங்கள் இந்த உரிமைகளுக்குத் தாங்களே காவலர்கள் என்று எண்ணிக்கொள்ளும் என்றார். காவலர் இருந்தால் அவர் கையில் இருப்பது காப்புதானே.

இன்னொரு பொருளும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. போலீஸ் ஒருவரைப் பிடித்தால் 'கையில் காப்பு மாட்டிவிட்டார்கள்' என்போம். இந்தத் திருத்தங்கள் செய்வது அதையேதான், மாட்டுவது அரசாங்கத்தின் கையில். 'காங்கிரஸ் சட்டம் எதுவும் இயற்றக் கூடாது' என்றுதானே முதல் திருத்தம் தொடங்குகிறது. குடிமகனுக்கு இன்ன உரிமை தருகிறோம் என்று ஒரு வரி கிடையாது. உரிமை முன்னமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தொடாதே என்கிறது. எழுதாமல் விட்டவை என்னாகும் என்ற ஹாமில்டன் தரப்பின் பயத்துக்கு ஒன்பதாவது திருத்தம்: சிலவற்றை எழுதினோம் என்பதற்காக மக்களிடம் உள்ள மற்றவற்றை மறுத்ததாகக் கொள்ளக் கூடாது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். காப்பு மத்திய அரசின் கைக்கு மட்டும்தான். மாநிலங்களும் மனச்சாட்சி, பத்திரிகை, குற்ற வழக்கில் ஜூரி விசாரணை இவற்றில் கைவைக்கக் கூடாது என்று ஒரு திருத்தத்தையும் மேடிசன் வைத்திருந்தார். மொத்தப் பட்டியலிலும் மிக மதிப்பானது அதுதான் என்பது அவர் கருத்து. கீழவை ஒத்துக்கொண்டது, செனட் வெட்டிவிட்டது. அதன் விலை 1833இல் தெரிந்தது. பால்டிமோர் நகராட்சி ஓடைகளைத் திருப்பிவிட்டதில் மணல் சேர்ந்து, ஜான் பேரன் என்பவருடைய படகுத்துறையில் தண்ணீர் ஆழம் குறைந்து கப்பல் வர முடியாமல் போனது. இழப்பீடு தராமல் சொத்தைப் பறிக்கக் கூடாது என்ற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வழக்காடினார். அந்தத் திருத்தம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தும், மாநிலத்தை அல்ல என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். மாநிலங்களின் கைக்கும் காப்பு வர 1868இன் பதினான்காவது திருத்தம் தேவைப்பட்டது. அதுவும் ஒரு உள்நாட்டுப் போருக்குப் பிறகு, நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ள அதற்கப்புறம் பல பத்தாண்டுகள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு இந்தக் காப்பு எதுவும் செய்யவில்லை என்பதையும் மாணவர்களுக்கு அதே அத்தியாயத்தில் சொல்லுங்கள், பின்னிணைப்புக்குத் தள்ள வேண்டாம். மேசனிடமும் மேடிசனிடமும் அடிமைகள் இருந்தார்கள்.

– தே.

*

அன்புள்ள தே.,

பட்டயத்தைக் கைவிட்டேன். ஆனால் சும்மா விட மாட்டேன், மூன்று கேள்வி.

காப்பு என்றால் நூலின் தலையில் பாடுவது. உங்கள் காப்பு வாலில் இருக்கிறதே? இரண்டாவது, 1798இல் அரசைத் தூற்றி எழுதினால் குற்றம் என்று ஒரு சட்டம் வந்து, வெர்மான்ட் உறுப்பினர் மாத்யூ லயனை நான்கு மாதம் உள்ளே வைத்தார்கள், ஆயிரம் டாலர் அபராதம் வேறு. அப்போது முதல் திருத்தத்துக்கு ஏழு வயது. காக்காததைக் காப்பு என்பதா? மூன்றாவது, 1689 ஆவணத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். அதுவும் காப்பா?

இன்னொன்று, நா.வுக்கு. நம் ஊரில் வெறுமனே 'முதல் திருத்தம்' என்று எழுதாதீர்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் தள்ளுபடி செய்த பிறகு 1951இல் வந்த இந்திய அரசமைப்பின் முதல் திருத்தம்தான் இங்கே பலருக்கும் நினைவு வரும். அது பேச்சுரிமைக்கு வரம்புகளைக் கூட்டியது, அங்கே இருப்பது வரம்பே போடாதே என்பது. ஒரே பெயர், நேர் எதிர்த் திசை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் தடவையாவது 'அமெரிக்க' என்று சேர்த்துவிடுங்கள்.

– வே.

*

ஐயா, வாலில் இருப்பதற்கு ஷெர்மனைத்தான் கேட்க வேண்டும். மேடிசன் முகப்பில் ஒரு பகுதியும் நடுநடுவே பொருத்தமான இடங்களில் மீதியும் என்றுதான் கேட்டார். மூல ஆவணத்தில் கைவைக்காதே, ஒட்டாகக் கடைசியில் வை என்று பிடிவாதம் பிடித்தவர் ஷெர்மன், அதாவது எதுவுமே வேண்டாம் என்று 1787இல் சொன்ன அதே மனிதர். இன்றைக்கு அவை தனியாகத் தெரிவதும், தனிப் பெயர் கேட்பதும் அவர் புண்ணியத்தில்தான். கீழவை 17 அனுப்பியது, செனட் சுருக்கியது, 1789 செப்டம்பர் 25இல் காங்கிரஸ் ஏற்று, மாநிலங்களுக்குப் போனவை 12. முதல் இரண்டும் அப்போது தேறவில்லை. அதனால் மூன்றாவதாக இருந்தது முதல் திருத்தம் ஆனது. தேறாத இரண்டில் ஒன்று, உறுப்பினர் சம்பளம் பற்றியது, 1992இல் ஏற்கப்பட்டு 27ஆவது திருத்தமாக வந்து சேர்ந்தது. வாஷிங்டனில் வைத்திருக்கும் தோல்தாளில் 12ம் இருக்கின்றன, 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்ற தலைப்புதான் எங்கும் இல்லை.

லயன் கதையில் மீதியையும் சொல்லுங்கள். ஜெயிலில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். சட்டம் 1801இல் காலாவதியானது. காப்பு தானாக வேலை செய்யாது என்பதற்கு அது நல்ல சாட்சி. பெயரை மாற்றக் காரணம் இல்லை.

1689க்குக் காப்பு வேண்டாம். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், நாடாளுமன்றமே மாற்றலாம். 'இங்கிலாந்தின் உரிமைச் சட்டம்' போதும்.

– தே.

*

அனைவருக்கும் நன்றி. வரைவில் போட்டுப் பார்த்தேன்:

"1689இன் இங்கிலாந்து உரிமைச் சட்டத்திலிருந்தும் 1776இன் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்திலிருந்தும் பல வரிகள் அமெரிக்க உரிமைக்காப்புக்கு வந்தன."

"உரிமைக்காப்பு மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் தீர்ப்பாயிற்று."

"உரிமைக்காப்பின் நான்காவது திருத்தம், காரணமில்லாமல் வீடு புகுந்து சோதனையிடுவதைத் தடுக்கிறது."

மூன்றும் தடுக்காமல் ஓடுகின்றன. சேர்த்தே எழுதுகிறேன், பிரித்தால் 'உரிமைக் காப்பு' பொதுச் சொல்லாகப் படிக்கப்படுகிறது. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'உரிமைக்காப்புத் திருத்தங்கள்'. பொருளடைவில் 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்று தேடி வருகிறவர்களுக்காக அந்த ஒலிபெயர்ப்பையும் போட்டு, மூன்று சொல்லுக்கும் வழிகாட்டிவிடுகிறேன்.

அடுத்தது ஐந்தாவது திருத்தத்தில் வரும் 'ட்யூ ப்ராசஸ்'. இப்போதைக்கு 'உரிய சட்ட நடைமுறை' என்று வைத்திருக்கிறேன். இந்திய அரசமைப்பின் 21ஆம் பிரிவு இதைத் தெரிந்தே தவிர்த்து 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று போனதால், இரண்டும் ஒன்றுபோல ஒலிக்காத சொல் தேவை. தனி இழையில் கேட்கிறேன். வே. ஐயா அதற்குள் பட்டயம் மாதிரி எதையாவது தயார் செய்து வையுங்கள்.

– நா.